‘வந்துனுகீறான்’ எப்படி வந்துச்சு? செயற்கை மொழிங்களோட வினைச்சொல்லும் ஒலி விதியும்

படத்துல ஒரு கூட்டம் தெரியாத பாஷைல கத்திகினு ஓடி வருது, கீழ சப்டைட்டில் போவுது, பாத்துட்டு வெளிய வந்ததும் எல்லாருக்கும் ஒரே டவுட்டுதான்: அது நெசமாவே ஒரு மொழியா, இல்ல வாய்க்கு வந்தத உளறிட்டு கீழ எழுத்து போட்டுட்டாங்களா? 2009ல அவதார் வந்தப்பவும் இதே கேள்வி, 2015ல பாகுபலில காளகேயருங்க கிளிக்கி பேசுனப்பவும் இதே கேள்வி. கிளிக்கிய உருவாக்குன மதன் கார்க்கி 750 வார்த்தை, 40 இலக்கண விதின்னு கணக்கு சொன்னாரு, செய்திலயும் அப்படியே போட்டாங்க. ஆனா விதின்னா இன்னா, அது வார்த்தைய இன்னா பண்ணும்னு விளக்குனவங்க கம்மி.

அத பாக்கணும்னா ரெண்டு எடத்துல கைய வெச்சா போதும். ஒண்ணு வினைச்சொல், இன்னொண்ணு ஒலி விதி. வியாசர்பாடி, ராயபுரம், கொருக்குப்பேட்ட பக்கம் வளந்தவங்களுக்கு இது ரொம்ப ஈஸியா புரியும், ஏன்னா ‘கொச்ச’ன்னு மத்தவங்க சொல்ற நம்ம பேச்சு முழுக்க இந்த விதிங்கதான் ஓடுது.

எது மொழி, எது மொழி இல்ல

சின்ன வயசுல ‘க’ பாஷை பேசாதவங்க யாரு. ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னாடி ஒரு ‘க’ போட்டா ‘நான்’ வந்து ‘கநாகன்’ ஆயிடும், பெரியவங்களுக்கு ஒண்ணும் புரியாது, நமக்கு ஜாலி. ஆனா அது தனி மொழி இல்ல. உள்ள இருக்குறது தமிழ் வார்த்தை, தமிழ் வரிசை, தமிழ் விகுதி, மேல ஒரு முக்காடு மட்டும்தான் போட்டிருக்கு.

செயற்கை மொழின்னா, அதாவது யாராச்சும் உக்காந்து செஞ்ச மொழின்னா, முக்காட்ட எடுத்தாலும் உள்ள வேற ஆள் இருக்கணும். வார்த்தை புதுசா இருந்தா பத்தாது, நேத்து, இன்னிக்கு, நாளைக்குன்றத வினைச்சொல் எப்படி காட்டுது, யார் செஞ்சதுன்றத எங்க காட்டுது, இல்ல காட்டவே காட்டாதா, இதெல்லாம் அந்த மொழி தானா முடிவு பண்ணிருக்கணும். கிளிக்கில ‘மின்’னா நான், ‘நிம்’னா நீ, திருப்பிப் போட்டா எதிர்ப்பக்கம் வந்துடும். கேக்க அழகாதான் இருக்கு, ஆனா இது வார்த்தை லெவல்ல பண்ற வேல. அசல் வேல வினைச்சொல்லுக்குள்ள இருக்கு.

வினைச்சொல்லுக்குள்ள எத்தன ரூம்

ஸ்கூல்ல பகுபத உறுப்பிலக்கணம்னு ஒண்ணு படிச்சது ஞாபகம் இருக்கா? ‘நடந்தனன்’ அப்படின்னு குடுத்து பிரிக்கச் சொல்லுவாங்க. நட பகுதி, த் சந்தி, அது ந் ஆனது விகாரம், அடுத்த த் இறந்தகால இடைநிலை, அன் சாரியை, கடைசி அன் ஆண்பால் வினைமுற்று விகுதி. மார்க்குக்காக மனப்பாடம் பண்ணோம், மறந்தோம். ஆனா மொழி செய்றவங்க மொதல்ல போடுற பிளானே இதுதான்: எத்தன ரூம், எந்த ரூம்ல யாரு, எந்த வரிசைல.

தமிழ்ல வரிச மாறவே மாறாது. மொதல்ல வேர், அப்பால காலம், கடைசில ஆள். ‘செய்றேன், செஞ்சேன், செய்வேன்’ மூணுலயும் ‘ஏன்’ கடைசிலதான் நிக்குது. இத மனசுல வெச்சிகினு மத்தத பாருங்க.

1. எஸ்பெராண்டோ. வார்சாவுல கண் டாக்டரா இருந்த சாமென்ஹோஃப் 1887ல வெளியிட்டது, மொத்தம் 16 அடிப்படை விதி. இதுல வினைச்சொல்லுக்கு காலத்துக்கு மட்டும்தான் ரூம் உண்டு, ஆளுக்குன்னு ரூமே கெடயாது. பரோலாஸ்னா பேசுறது, பரோலிஸ்னா பேசுனது, பரோலோஸ்னா பேசப் போறது. நானா நீயா அவங்களான்றத முன்னாடி தனி வார்த்த போட்டு சொல்லணும், ‘மி பரோலாஸ்’னா நான் பேசுறேன். விதிவிலக்குன்னு ஒரு வினைச்சொல் கூட கெடயாது, அழுத்தமும் எப்பவும் கடைசிக்கு முந்துன அசைலதான், பரோலாஸ்ல ‘ரோ’ மேல.

2. கிளிங்கான். 1984ல வந்த ஸ்டார் ட்ரெக் படத்துல வர்ற கிளிங்கான்ற வேற கிரகத்துக்காரங்க பேசுறதுக்காக மொழியியல்காரர் மார்க் ஒக்ராண்ட் செஞ்சது. இதுல ஆள் ரூம் வேருக்கு முன்னாடி வருது, அதுலயும் செஞ்சவன் மட்டும் இல்ல, யார செஞ்சான்றதும் சேந்தே குந்தியிருக்கும். லெக்னா பாரு. கலெக்னா நான் உன்ன பாக்குறேன், சோலெக்னா நீ என்ன பாக்குற, முலெக்னா அவன் என்ன பாக்குறான், விலெக்னா நான் அவன பாக்குறேன். இப்படி மொத்தம் 29 முன்னொட்டு. காலத்துக்கு ரூம் இல்ல. நேத்தா நாளைக்கான்றத பேச்சுலேருந்து புரிஞ்சிக்கணும், வேல முடிஞ்சிச்சா ஓடிகினு இருக்குதான்றத மட்டும் பின்னாடி ஒட்டி சொல்லலாம். (நம்ம ‘படம்’ல வர்ற நாக்க மடிச்ச ட இருக்கு பாருங்க, அந்த சத்தம் கிளிங்கான்ல உண்டு. இங்கிலீஷ்காரங்க அதுக்கு தனியா பயிற்சி எடுக்குறாங்க.)

3. நாவி. அவதார்ல வர்ற நாவின்ற வேற கிரகத்துக்காரங்க பேசுறதுக்காக பால் ஃபிராமர் செஞ்சது. இதுலதான் விஷயமே இருக்கு. ரூம் வேருக்கு முன்னாடியும் இல்ல பின்னாடியும் இல்ல, வேரையே பொளந்து உள்ள சொருவுறாங்க.

நாவிய கொஞ்சம் கிட்ட போயி பாப்போம். தரோன்னா வேட்டையாடு. அந்த மொத த் இருக்குதில்ல, அதுக்கு அடுத்து காலத்த சொருவுனா தமரோன், வேட்டையாடுனது. தயரோன், வேட்டையாடப் போறது. திமரோன்னா இப்பத்தான் ஆடுனது, தியரோன்னா இதோ ஆடப் போறது. வேல முடிஞ்சதுன்னு காட்டணும்னா தொலரோன், ஓடிகினு இருக்குதுன்னா தெரரோன். இப்ப ‘அப்போ வேட்டையாடிகினு இருந்தாங்க’ன்னு சொல்லணும். இறந்தகாலத்துக்கு அம், ஓடிகினு இருக்குறதுக்கு எர், ரெண்டையும் அப்படியே அடுக்குனா அமெர்னு வரணும், ஆனா வர்றது தர்மரோன். அம்மும் எர்ரும் முட்டி அர்ம் ஆயிடுச்சு. நம்ம வாத்தியார் பாத்தா ‘விகாரம்’னு ஒரு வார்த்தைல முடிச்சிருப்பாரு.

கடைசி அசைல இன்னொரு ரூம் இருக்கு, அது பேசுறவனோட மனசுக்கு. திர்மரெயோன்னா இப்பத்தான் வேட்டையாடிகினு இருந்தாங்க, அதுல எனக்கு சந்தோஷம். அதே எடத்துல வேற ஒட்டு போட்டா எரிச்சல். இது இன்னாமோ வேற கிரகத்து சமாச்சாரம்னு நெனச்சா, ‘வந்துட்டான்’க்கும் ‘வந்து தொலஞ்சான்’க்கும் இன்னா வித்தியாசம்னு யோசிங்க. வந்தது ஒரே வரவுதான். தொலயிறதுல தெரியிறது சொல்றவனோட கடுப்பு.

ஒலி விதி: ‘பொட்டி’ ஏன் ‘பொட்டி’

ரூம் பிளான் போட்டாச்சு. ஆனா ஒட்டுங்கள அப்படியே வரிசையா ஒட்டிகினே போனா லெகோ மாதிரி இருக்கும், வாயில பொழங்குன மாதிரி இருக்காது. அத இருக்க வெக்கிறதுதான் ஒலி விதி. ஒலி விதின்னா ‘இந்த சத்தம், இந்த எடத்துல, இந்த சத்தமா மாறும்’னு ஒரு கட்டளை. இதுல ‘இந்த எடத்துல’தான் உயிர்.

நம்ம பேச்சுல பாருங்க: பிடி வந்து புடி, பெட்டி வந்து பொட்டி, பெண் வந்து பொண்ணு, பிள்ளை வந்து புள்ள, விடு வந்து வுடு, வீடு வந்து ஊடு, வேண்டும் வந்து வோணும். இத கேட்டுட்டு ‘இவங்களுக்கு இ, எ வராது’ன்னு சிரிக்கிறவங்க இருக்காங்க. வராமலா ‘கிளி’ன்னு சொல்றோம்? கிளி குளி ஆவுறதில்ல. திட்டு துட்டு ஆவுறதில்ல (ஆனா ரெண்டுக்கும் சண்டை வரும், அது வேற கத). பிச்சை புச்ச ஆவாது, மிதி முதி ஆவாது.

அப்போ விதி இன்னா? ரெண்டு கண்டிஷன், ரெண்டும் சேந்து இருக்கணும்:

1. முன்னாடி உதட்டால சொல்ற சத்தம் இருக்கணும், ப, ம, வ.
2. பின்னாடி நாக்க மடிச்சு சொல்ற சத்தம் இருக்கணும், ட, ண, ள, ழ மாதிரி.

கிளில ள இருக்கு, ஆனா முன்னாடி உதடு இல்ல. பிச்சைல உதடு இருக்கு, பின்னாடி நாக்கு மடியல. ரெண்டும் கூடுனாதான் நடுவுல மாட்டுன இ, எ உருண்டு உ, ஒ ஆவுது. எந்த ஸ்கூல்லயும் இத சொல்லித் தரல, ஆனா நாலு வயசு குழந்த கூட தப்பு பண்ணாது. இப்படி ஒரு விதிய உக்காந்து யோசிச்சு எழுதத்தான் மொழி செய்றவங்க மண்டைய ஒடச்சிக்கிறாங்க. இதுல சென்னைக்கு வெளியயும் பாதி வழக்கு உண்டு, நாம அத இன்னும் கொஞ்சம் தூரம் இஸ்துகினு போனோம், அவ்ளோதான்.

வரிசை மாறுனா ரிசல்ட் மாறும்

ரெண்டு விதி இருந்தா எது மொதல்ல ஓடணும்ன்ற கேள்வி வரும். புதுசா மொழி செய்றவங்க வழுக்கி வுழுற எடம் இதான்.

அடித்து அடிச்சு ஆவுது, படித்து படிச்சு ஆவுது, குடித்து குடிச்சு. எடுத்து மட்டும் எடுத்துதான், பார்த்து பாத்துதான், எடுச்சு பாச்சுன்னு யாரும் சொல்றதில்ல. காரணம், வேர் இ, ஐ சத்தத்துல முடிஞ்சாதான் பின்னாடி ஒட்டுற த்து ச்சு ஆவும். ஒட்டுற எடத்துல மட்டும்தான், வார்த்தைக்கு நடுவுல ஏற்கெனவே இருக்குற த்தவ தொடாது, அதனாலதான் பித்தள பிச்சள ஆவாம தப்பிச்சுது.

சரி, வைத்து? வச்சு. இதுல இ எங்க, ஐ எங்க? ‘வ’ தான் இருக்கு. ‘பத்து’ பச்சு ஆவலயே, ‘வச்சு’ மட்டும் எப்படி ஆச்சு? இப்படி ஓடிருக்கு:

1. மொதல்ல ஐ அங்க இருந்துச்சு, அது த்துவ ச்சு ஆக்கிடுச்சு: வைத்து, வைச்சு.
2. அப்பால அந்த ஐ தேஞ்சு அ ஆயிடுச்சு: வைச்சு, வச்சு.

வரிசய மாத்திப் பாருங்க. ஐ மொதல்லயே தேஞ்சிருந்தா வத்துன்னு ஆயிருக்கும், அதுக்கு மேல ச்சு ஆவ காரணமே இல்ல, இன்னிக்கு நாம ‘சட்டிய அடுப்புல வத்தேன்’னு சொல்லிகினு இருந்திருப்போம். நினைத்து நெனச்சு ஆனதும், உடைத்து ஒடச்சு ஆனதும் இதே ரூட்டுதான். ஆள் போயிட்டான், அவன் பண்ண வேல நிக்குது.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு: விற்று. பேச்சுல வித்து, ‘மீன் வித்தேன்’. வி ன்ற இ பக்கத்துல த்து இருக்கு, கண்டிஷன் பக்காவா பொருந்துது, ஆனா விச்சேன்னு யாரும் சொல்றதில்ல. ஏன்னா ச்சு விதி ஓடுனப்போ இது இன்னும் ற்றுவா இருந்துச்சு, விதி இத கண்டுக்கல. ற்று வந்து த்து ஆனப்போ அந்த விதி கடைய சாத்திட்டு போயிடுச்சு.

நாமளே ஒண்ணு செஞ்சு பாப்போம்

ஒரு குட்டி மொழி. வேர் ‘மாக்’, நட. இறந்தகாலத்துக்கு இ, எதிர்காலத்துக்கு உ. ஆக மாகி நடந்தான், மாகு நடப்பான். இதுல ரெண்டே விதி:

விதி 1: இ க்கு முன்னாடி வர்ற ‘க’ வந்து ‘ச’ ஆவும்.
விதி 2: வார்த்தையோட கடைசி உயிர் உதிர்ந்துடும்.

ஓட்டுங்க. மாகி மாசி ஆயி, கடைசி இ உதிர்ந்து மாச். மாகுவுக்கு விதி 1 வேலைக்காவல, உ மட்டும் உதிர்ந்து மாக். இப்ப மாச்னா நடந்தான், மாக்னா நடப்பான். இந்த மொழிய புதுசா கத்துக்கிறவன் பாத்தா, ‘இன்னாபா இது, காலம் காட்ட ஒட்டே இல்ல, கடைசி எழுத்து மட்டும் மாறுது’ன்னு தலைய சொறிவான். ஒட்டு இருந்துச்சு, உதிர்ந்துடுச்சு. விதி 2 மொதல்ல ஓடியிருந்தா ரெண்டுமே மாக், காலமே காணாம போயிருக்கும்.

அடுத்த வேர் ‘தோல்’னு வெச்சிகோங்க, தூங்கு. தோலி, தோலு. விதி 1க்கு இங்க க இல்ல. கடைசி உயிர் போனா ரெண்டும் தோல். தூங்குனானா தூங்குவானா தெரியாது. அப்போ இந்த மொழிக்காரங்க ‘நேத்து’ மாதிரி ஒரு சின்ன வார்த்தய ஒட்டிக்க ஆரம்பிப்பாங்க, நாளடைவுல அதுவே தேஞ்சு புது ஒட்டு ஆயிடும். ஒழுங்கான ரெண்டு விதிலேருந்து ஒழுங்கில்லாத ஒரு மொழி வந்துடுச்சு. கைல எழுதி ‘விதிவிலக்கு’ன்னு லிஸ்ட் போட்டா இந்த ருசி வராது.

விதி 1 கற்பனை மட்டும் இல்ல. கன்னடத்துல காதுக்கு கிவி, தமிழ்ல செவி. அவங்க ‘க’ சத்தத்த அப்படியே வெச்சிகினாங்க, நாம இ, எ முன்னாடி இருந்தத பல எடத்துல ‘ச’ ஆக்கிட்டோம்.

முன்னெழுத்து மெலியுறது

நாவில இன்னொரு விதி, நெறய பேருக்கு கொழப்பம் குடுக்குறது. கெல்குன்னா வீடு, ஆனா ‘வீட்டுல’ன்னு சொன்னா மி ஹெல்கு. துதென்னா ஆள், ‘ஆளுங்க’ன்னா ஐஸுதெ. சில முன்னொட்டும் முன்சொல்லும் வந்தா அடுத்த வார்த்தையோட மொத எழுத்து மெலியும்: க ஹ ஆவும், த ஸ ஆவும், ப ஃப ஆவும். எழுத்து மெலிஞ்சதே ‘நெறய பேரு’ன்னு காட்டிடுறதால, முன்னாடி இருக்குற ஐய தூக்கி போட்டுட்டு வெறும் ஸுதென்னாலும் ஆளுங்கதான்.

கடல்னு சொல்லுங்க, பகல்னு சொல்லுங்க. ரெண்டு க வும் ஒண்ணா? பகல்ல வர்றது பாதி ஹ. பட்டம்ல அழுத்தி வர்ற ட, படம்ல எளகிடுது. ரெண்டு உயிருக்கு நடுவுல வல்லினம் மெலியுறது நமக்கு மூச்சு வுடுற மாதிரி. அந்தப் பையன், இந்தக் கடைன்னு வல்லினம் மிகுற பக்கம் எழுத்துத் தமிழ் போவுது, நாவி எதிர்ப்பக்கம் போவுது. 2022ல வந்த ரெண்டாவது அவதார் படத்துல கடலோர நாவிங்க பேச்சு காட்டு நாவிங்க பேச்சுலேருந்து மாறும், காட்டுல வெடிச்சு வர்ற சில சத்தங்க கடலோரத்துல ப், த், க் வோட எளகுன சத்தமா வரும். கடலோரத்துல பேச்சு மாறும்னு காசிமேட்டுக்காரங்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவல்ல.

ஒரே வேர், பல வாய்

‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதுன டோல்கீன் பழைய மொழிங்கள பாடமா நடத்துன புரொஃபசர், அவரு போன ரூட்டு வேற. மொதல்ல ஒரு மூதாதை மொழி, அதுலேருந்து வேற வேற விதி ஓட்டி குவென்யா, சிண்டாரின்னு ரெண்டு மொழி. மரத்துக்கு மூதாதைல கலதா. குவென்யால முன்னாடி க வும் நடு உயிரும் உதிர்ந்து அல்தா. சிண்டாரின்ல கடைசி உயிர் மட்டும் உதிர்ந்து, த எளகி கலத். பாத்தா சம்பந்தமில்லாத மாதிரி இருக்கும், விதிய பின்னாடி ஓட்டுனா ஒரே வயித்துப் பசங்க.

நம்மாண்ட ‘கொண்டு’ன்னு ஒரு வார்த்த இருக்கு. வந்து கொண்டு இருக்கிறான். இத தெக்க ‘வந்துகிட்டு’ம்பாங்க, அக்ரகாரத்துல ‘வந்துண்டு’ம்பாங்க, நம்ம பக்கம் ‘வந்துகினு’. ஒரே கொண்டு, மூணு வாய்.

இதனால யாருக்கு இன்னா

1. கத்துக்கிறவங்களுக்கு. எஸ்பெராண்டோ மாதிரி விதிவிலக்கு இல்லாத மொழி சீக்கிரம் வாய்ல ஒட்டும், அது அதுக்குன்னே செஞ்சது. நாவி, சிண்டாரின்ல லேட் ஆவும். அத கொறயா சொல்றது சரியில்ல, பொழங்கி தேஞ்ச மாதிரி தெரியணும்னுதான் அப்படி செஞ்சாங்க.

2. படம் எடுக்குறவங்களுக்கு. டப்பிங் ரைட்டருங்களுக்கு இந்த பொழப்பு நல்லா தெரியும். 1982ல ஒரு ஸ்டார் ட்ரெக் படத்துல ஆக்டருங்க இங்கிலீஷ்ல பேசி முடிச்சிட்ட சீனுக்கு, அவங்க உதட்டசைவுக்கு பொருந்துற மாதிரி வல்கன் மொழி (அந்தக் கதைல வர்ற இன்னொரு கிரகத்துக்காரங்க மொழி) வசனம் செஞ்சு குடுத்தாரு, கிளிங்கான் செஞ்ச அதே ஒக்ராண்ட். உதடு மூடுற எடத்துல ப, ம வந்தே ஆவணும். அங்க ஒலி விதிய எழுதுனது கேமராவுல பதிஞ்ச உதடு.

3. பாக்குறவங்களுக்கு. அடுத்த தடவ படத்துல புது மொழி வந்தா, ஒரே வினைச்சொல் ரெண்டு எடத்துல வருதான்னு கவனிங்க. ‘வந்தான்’னு ஒரு சப்டைட்டில், ‘வருவான்’னு இன்னொண்ணு. வார்த்தைல பொதுவா ஒரு துண்டும், மாறுன ஒரு துண்டும் காதுல வுழுந்தா உள்ள ரூம் இருக்கு. ரெண்டும் சுத்தமா வேற வேற சத்தமா இருந்து, அடுத்த வினைச்சொல்லும் அப்படியே இருந்தா, அது ‘க’ பாஷை அளவுக்கு கூட வேல நடக்காத கேஸ்.

4. தலைப்புல இருக்குறதுக்கு. வந்து கொண்டு இருக்கிறான். கொண்டு தேஞ்சு கினு: வந்துகினு இருக்கிறான். இரு உதிர்ந்து, மிச்சம் இருந்த கிறான் நீண்டு கீறான்: வந்துகினு கீறான். வேகமா சொன்னா கி யும் போயி: வந்துனுகீறான். காலம் கி ல பத்தரமா இருக்கு, ஆள் ஆன்ல பத்தரமா இருக்கு, கீறேன், கீறான், கீறா, கீறாங்க, கீது, ஒரு ரூம் கூட எடம் மாறல. ஒரே ஒரு நஷ்டம், இரு உதிர்ந்ததுல பிளேடால கீறுறதும் வூட்ல இருக்குறதும் கிட்டத்தட்ட ஒரே சத்தம் ஆயிடுச்சு. எஸ்பெராண்டோல இப்படி ரெண்டு வார்த்த முட்டுனா உக்காந்து சரி பண்ணிடுவாங்க. இங்க ‘அவன் இன்னா கீறான்’னு கேட்டா கைல பிளேடு இருக்கான்னு பாத்துக்க வேண்டிதான்.